பாலே பார்க்கப் போனால் சுற்று எண்ணாதீர்கள்

முதல் தடவை ஸ்வான் லேக் என்ற பாலே நாடகம் பார்த்தபோது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். மூன்றாம் அங்கத்தில் கறுப்பு உடையில் வந்த பெண் ஒற்றைக் காலில் சுழல ஆரம்பித்ததும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன், ஏனென்றால் 32 சுற்று வரவேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். 26 வந்ததும் அவர் நிறுத்திவிட்டு மேடையை வட்டமாகச் சுற்றிப் போனார். "குறைச்சிட்டாங்கக்கா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். கதையில் அந்த நேரம் இளவரசன், அவள்தான் தன் காதலி வெள்ளை அன்னம் என்று நம்பி ஏமாந்துகொண்டிருந்தான். அதைப் பார்க்கவே இல்லை.

அந்த 32, கதைக்காக வந்ததல்ல. 1895-இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஆடிய இத்தாலியப் பெண் பியரினா லெக்னானிக்கு அது கைவந்த வித்தை, அதனால் நடனத்தில் சேர்ந்தது. பெரிய ரஷ்ய நட்சத்திரமான மாயா பிளிசெட்ஸ்கயாவே அந்த இடத்தில் மேடையை வட்டமாகச் சுற்றிவரும் சுழற்சிதான் ஆடினார். எண்ணுவதை விட, சுழலும்போது நின்ற இடத்திலேயே நிற்கிறாரா, முன்னே நகர்ந்து நகர்ந்து வருகிறாரா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், வெள்ளை அன்னம் ஓடெட்டையும் கறுப்பு ஓடிலையும் பெரும்பாலும் ஒருவரே ஆடுவார். நல்ல கலைஞர் என்றால் முதுகும் கழுத்தும் வேறொரு ஆளுடையதாக மாறிவிடும். நடுவில் ஒரு நொடி ஓடில், ஓடெட்டைப் போலவே கையைச் சிறகாக்கி இளவரசனை மயக்குவாள், அவன் நம்பியதும் பழைய நிமிர்வு திரும்பிவிடும். கண் சிமிட்டினால் போச்சு.

அடுத்த தவறு நம் ஆட்களுக்கே உரியது. நம்மில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது பரதம் படித்திருக்கும். அதனால் கண் நேரே முகத்துக்கும் விரலுக்கும் போகிறது, காது பாதத் தட்டைத் தேடுகிறது. பரதம் அரைமண்டியில் இறங்கித் தரையோடு பேசும், பாலே தரையை மறைக்கப் பார்க்கும். குதித்து இறங்கும்போது சத்தம் கேட்காமல் இருப்பதுதான் அங்கே திறமை. "முகத்துல பாவமே இல்ல" என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் தோளையும் கையையும் பாருங்கள், பாவம் அங்கே இருக்கும்.

அதற்காக முத்திரையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்கு மேல் இரண்டு கையையும் ஒன்றையொன்று சுற்றினால் நடனம், மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம், முஷ்டிகளைக் குறுக்கே வைத்துக் கீழே இறக்கினால் சாவு, இரண்டு விரலை உயர்த்தினால் சத்தியம். இந்த நான்கு தெரிந்தாலே ஜிசெல் என்ற இன்னொரு பாலேயில் அம்மா மகளை எதற்கு எச்சரிக்கிறாள் என்று பாதி புரிந்துவிடும்.

கதை படிக்காமல் போவதும், ஒரே முடிவை எதிர்பார்த்துப் போவதும் தப்பு. ஸ்வான் லேக் ஒரு குழுவில் காதலர்கள் ஏரியில் மூழ்குவதோடு முடியும், இன்னொன்றில் ஓடெட்டை அன்னமாக்கிய மந்திரவாதி சாவான், இருவரும் வாழ்வார்கள். மாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம், எந்தப் பதிப்பு என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே நேரடி இசையா, பதிவா என்றும் கேளுங்கள். நேரடி என்றால் இசை நடத்துநர் நம் நட்டுவனார் மாதிரி, ஆடுபவரின் காலைப் பார்த்துக் கொஞ்சம் இழுத்துக் கொடுப்பார். பதிவு யாருக்காகவும் நிற்காது. அங்கே தாளம் தப்பினால் ஆடுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

தனி நடனம் முடிந்து நடுவிலேயே வந்து வணங்குவார்கள், அப்போது தாராளமாகக் கைதட்டலாம். ஸ்வான் லேக் இரண்டாம் அங்கத்தில் வயலின் தனியாக ஓடும்போது மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

டிக்கெட்டுக்கு வெள்ளியைக் கொட்டி முதல் வரிசை வாங்குவது எனக்கு ஒத்துவராது. அங்கிருந்து வியர்வை தெரியும், கோலம் தெரியாது. அன்னங்கள் வரிசையாக வந்து, பிரிந்து, மறுபடி சேர்வதை கோலாலம்பூரின் இஸ்தானா புடாயா அரங்கில் மாடி இருக்கையிலிருந்து பார்த்த அன்றுதான் குழு நடனம் எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. ஒரு பெண்ணின் கை அரை சாண் உயர்ந்தாலும் அங்கிருந்து தெரியும். அப்புறம், வெள்ளிக்கிழமை மாலை அந்த அரங்கு இருக்கும் ஜாலான் துன் ரசாக் நெரிசலில் காரை நம்பிப் போகாதீர்கள்.