கடல் நீரின் கசப்பு உப்புகள்: மொட்டை மாடியில் ஒரு செய்முறை

கடல் நீர் வற்றினால் உப்பு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமையல் உப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்வது அந்த நீரில்தான். கடலூர், புதுச்சேரிக் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் செய்து பார்க்க மாசி முதல் ஆனி வரை நல்ல வெயில் இருக்கிறது.

ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள். கடல் நீரில் உள்ள உப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகவே படியும். ஒன்று படிந்து முடிந்ததும் நீரை வேறு தட்டுக்கு வடித்துவிட வேண்டும். ஒரே பாத்திரத்தில் முழுக்க வற்றவிட்டால் எல்லாம் கலந்து ஒன்றும் புரியாமல் போய்விடும்.

படி 1: நீர் எடுத்தல்

பத்து லிட்டர் போதும். அதில் சுமார் 350 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். பெரும்பகுதி சோடியம் குளோரைடு. மக்னீசியம் ஏறக்குறைய 13 கிராம், பொட்டாசியம் 4 கிராம்தான். கெடிலமோ அரியாங்குப்பம் ஆறோ கடலில் கலக்கும் இடத்தில் எடுக்காதீர்கள்; ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்துவிடும். மீன்பிடித் துறைமுகத்தில் டீசல் மிதக்கும். திறந்த கடற்கரையில் எடுத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள்.

படி 2: வற்றவைத்தல்

அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி, கொசுவலையால் மூடி, மாடியில் வையுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் அரித்துவிடும்.

நீர் இரண்டு லிட்டராகச் சுருங்கும்போது ஊசி ஊசியாக ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படியத் தொடங்கும். ஒரு லிட்டரை நெருங்கியதும் தெளிந்த நீரை அடுத்த தட்டுக்கு மாற்றுங்கள். சதுரச் சதுரமாகச் சமையல் உப்பு வருவது இங்கேதான். சுமார் 300 மில்லி மிஞ்சும்போது மீண்டும் வடித்துவிடுங்கள். கரைசலின் அடர்த்தியை அளக்கும் பாமே மானி வைத்திருப்பவர்களுக்கு இது 30 பாகை. நீர் எண்ணெய் போலக் கனத்து, தொட்டால் வழவழப்பாக இருக்கும். சுவைக்க வேண்டாம், வயிற்றைக் கலக்கிவிடும்.

படி 3: சோதித்தல்

கசப்பு நீரில் சில துளிகளைக் கால் டம்ளர் நல்ல நீரில் விட்டு, சலவைச் சோடாக் கரைசலைச் சேருங்கள். வெண்மையாகத் திரண்டால் அது மக்னீசியம். சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) இப்படித்தான் திரளும்; அது பெரும்பாலும் ஜிப்சமாக முன்பே போய்விட்டதால்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. நீரை மாற்றி மாற்றி வடித்த உழைப்பின் பலன் இது.

இந்த நீரை மேலும் வற்றவைத்தால் கார்னலைட் வர வேண்டும். அது பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் ஆறு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்த உப்பு. ஆனால் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரைக் காற்றில் தட்டு கடைசிவரை காயாது. பகலில் வற்றியது இரவில் மீண்டும் கசியும். சாக்கடலை ஒட்டிய பாத்திகளில் கார்னலைட் படிவதற்கு அங்குள்ள வறண்ட காற்று பெரிய காரணம். ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில், 25 கோடி ஆண்டுகளுக்கும் முன் வற்றிய கடல் இதே உப்பைப் பூமிக்கடியில் படிவமாக விட்டுச் சென்றது. 1861இல் அங்கே தொடங்கிய ஆலையிலிருந்துதான் பொட்டாஷ் எனப்படும் பொட்டாசிய உரத் தொழில் வளர்ந்தது.

படி 4: கண்ணால் பார்க்க ஒரு படிகம்

கார்னலைட்டுக்குப் பதிலாக அதன் உறவான ஷோனைட்டை வளர்க்கலாம். பொட்டாசியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் இணைந்த இந்த இரட்டை உப்பு காற்றில் கசியாது. உரக்கடையில் 0-0-50 என்று கேட்டால் பொட்டாசியம் சல்பேட் தருவார்கள். மக்னீசியம் சல்பேட்டான எப்சம் உப்பும் அங்கேயே கிடைக்கும். எப்சம் 50 கிராம், பொட்டாசியம் சல்பேட் 35 கிராம். இந்த விகிதம் முக்கியம், அப்போதுதான் ஒன்றுக்கு ஒன்றாக இணையும். 200 மில்லி சூடான ஆர்.ஓ. நீரில் கரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் துணி மூடி நிழலில் வையுங்கள். வெயில் வேண்டாம், சூடு ஏறினால் படிகத்தில் நீர் மூலக்கூறுகள் குறைந்த வேறு உப்பு உருவாகும். அசைக்காமல் விட்டால், சாய்ந்த விளிம்புகளுடன் நிறமற்ற படிகங்கள் அடியில் வளரும்.

படிகங்களை எடுத்து, ஒற்றித் துடைத்து, மூடிய குப்பியில் போட்டுப் பெயர் ஒட்டுங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய கரைசலை ஒரு வாளி நீரில் கலந்து தென்னைக்கு ஊற்றலாம், அது நல்ல உரம். கடல் நீரிலிருந்து வந்த கசப்பு நீரை மட்டும் எந்தச் செடிக்கும் ஊற்றாதீர்கள். அதில் சமையல் உப்பு இன்னும் நிறைய இருக்கிறது.