மே 5 சிவப்பு உடை நாள்: ஒன்ராறியோ ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களை நினைவுகூரும் நாள் மே 5. வாசலில் ஒரு சிவப்பு உடையைத் தொங்கவிட்டு, ஒரு நிமிட மௌனத்தோடு முடித்துக்கொள்வது போதவே போதாது. இது குறித்து 2019 ஜூன் 3இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கையின் 231 நீதிக் கோரிக்கைகளில் 11ஆம் பகுதி கல்வியாளர்களுக்கே உரியது. வன்முறையின் வேர்களைக் கற்பியுங்கள், பாடத்தைப் பூர்வகுடி மக்களோடு சேர்ந்து உருவாக்குங்கள் என்கிறது அது.

மார்ச்சிலேயே தொடங்குங்கள். கல்விச் சபையின் பூர்வகுடிக் கல்விப் பிரிவிடம் யாரை, எந்த முறையில் அழைப்பது என்று கேளுங்கள். அனிஷினாபே என்னும் பூர்வகுடியின் மூத்தோரிடம் வேண்டுகோள் வைக்கும்போது புகையிலை கொடுப்பது வழக்கம். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களுக்கு அந்த வழக்கம் இல்லை. மதிப்பூதியம் அன்றே கைக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சிறு வகுப்புகளில் வன்முறை விவரம் வேண்டாம். நினைவுகூர்தலும் எல்லோருக்கும் உள்ள பாதுகாப்பு உரிமையும் போதும். ஏழாம் வகுப்புக்கு மேல் வரைபடத்தை விரியுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் 16ஆம் நெடுஞ்சாலை, பிரின்ஸ் ஜோர்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரை 700 கிலோமீட்டருக்கு மேல். பூர்வகுடிப் பெண்கள் பலர் இதன் வழியே காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள்; அதனால் மக்கள் இதைக் கண்ணீர் நெடுஞ்சாலை என்கிறார்கள். கார் இல்லாதவர் மருத்துவரிடம் எப்படிப் போவார் என்று கேளுங்கள். இந்த நெடுஞ்சாலை குறித்த 2006 மாநாடு 33 பரிந்துரைகளை வைத்தது. பேருந்துச் சேவை அவற்றில் ஒன்று. ஊர்களை இணைக்கும் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது 2017இல்தான். "அவள் ஏன் முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறினாள்?" என்று கேட்ட மாணவரே, "பேருந்துக்கு ஏன் 11 ஆண்டு?" என்று கேட்பார். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. உயர்நிலை வகுப்பில் இதோடு கனடாவின் பூர்வகுடி மக்கள் பற்றிய 'இந்தியர் சட்டத்தையும்' சேருங்கள்: அந்தச் சட்டத்தின் அந்தஸ்து இல்லாத ஆணை மணம் முடித்த பெண் 1985 வரை தன் சட்ட அந்தஸ்தை இழந்தாள், அதோடு சொந்தச் சமூகத்தில் வாழும் உரிமையையும்.

வகுப்பிலுள்ள பூர்வகுடி மாணவியைப் பார்த்து "நீ சொல்லேன்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவள் உறவினர் ஒருவரையே இழந்திருக்கலாம். ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கடிதம் அனுப்புங்கள். எழுந்து போக விரும்பும் பிள்ளைக்கு ஓர் அறையும், அவளுக்குப் பழக்கமான ஒரு பெரியவரும் தயாராக இருக்கட்டும்.

பாடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்லக்கூடும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்காமல், அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிவையுங்கள்; உங்கள் கேள்விகள் பின்னால் விசாரணையைக் கெடுக்கலாம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தாலே, ஒன்ராறியோ சட்டப்படி சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்கு நீங்களே உடனே அறிவிக்க வேண்டும். பள்ளி அதிபரிடம் சொன்னால் கடமை தீராது. ஆனால் அரசு அமைப்புகளிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த பூர்வகுடிக் குடும்பங்களுக்கு அந்த அழைப்பே அச்சம் தரும். எனவே ரொறன்ரோவில் இருப்பது போன்ற பூர்வகுடிச் சிறுவர் சேவை அமைப்பு உங்கள் பகுதியில் உண்டா என்று முன்பே விசாரித்து, யாரை அழைக்கப் போகிறீர்கள் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள்.

காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் தொடர்பாகப் பாதிக்கப்பட்டோருக்கான 24 மணி நேர உதவி எண் 1-844-413-6649. அதைக் கழிவறைக் கதவுகளின் உட்புறம் ஒட்டுங்கள். யார் கண்ணிலும் படாமல் குறித்துக்கொள்ளலாம்.