கட்டுமான மேலாண்மை எம்.இ.: சைட்டை மறந்து படிக்கும்போது வரும் தவறுகள்

சிவில் முடித்துவிட்டு எம்.இ. சேரப் போகிறவர்களுக்கு ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்பு வடிவமைப்பு) எடுப்பதா, கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மெண்ட் எடுப்பதா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. "டிசைன் கஷ்டம்பா, மேனேஜ்மெண்ட்னா தியரிதான், எழுதித் தள்ளிடலாம்" என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார். அதை நம்பிச் சேருவதுதான் முதல் தவறு. சைட்டில் திட்டம் போடுபவர், தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை எந்த நாளில் எடுக்கலாம், நேற்று போட்ட தளத்தில் இன்று செங்கல் அடுக்கலாமா என்று தினமும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். கான்கிரீட் எப்படி வலுப்பெறுகிறது என்பது புரியாமல் அந்த முடிவை எடுக்க முடியாது. கணக்குக்குப் பயந்து இந்தப் படிப்புக்கு வந்தால், அதே கணக்கு இன்னும் அவசரமான நேரத்தில் எதிரே வந்து நிற்கும்.

கல்லூரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வெளிமாநிலம் போகத் தயார் என்றால், கட்டுமான மேலாண்மைக்கென்றே உள்ள நிக்மார் இருக்கிறது. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு, அதனால் அந்தத் தேர்வை விட்டுவிடாதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் சிலபஸை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள்: சைட்டில் இருக்க எத்தனை வாரம் விடுகிறார்கள், ஒப்பந்தச் சட்டம் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா. கட்டடத்தின் போட்டோவைவிட இந்த இரண்டும் முக்கியம்.

சேர்ந்த பிறகு பெரும்பாலானவர்கள் செய்வது, முதல் செமஸ்டரிலேயே ப்ரைமவெரா என்ற திட்டமிடல் மென்பொருள் கோர்ஸுக்குப் பணம் கட்டுவது. மென்பொருள் தெரிய வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வேலைக்குப் பின் எது என்று காட்டும் நெட்வொர்க்கைக் கையால் போட்டுப் பழகாமல் அதில் உட்கார்ந்தால், கணக்கிடச் சொல்லி எஃப்9 அழுத்தியதும் வரும் தேதிகள் ஏன் வந்தன என்று சொல்லத் தெரியாது.

ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். அஸ்திவாரம் தோண்ட 5 நாள், ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) முடிக்க 10 நாள், தூணும் பிளிந்த் பீமும் (தரைமட்ட உத்தரம்) 12 நாள். மொத்தம் 27 நாள் கழித்து செங்கல் வேலை தொடங்க வேண்டும். செங்கல் வேலை தொடங்கும்போது வாசல் நிலை வந்திருக்க வேண்டும். தச்சர் 20 நாள் கேட்கிறார், முதல் நாளே ஆர்டர் கொடுத்துவிட்டோம். அப்படியென்றால் நிலைக்கு 7 நாள் ஃப்ளோட், அதாவது மற்ற வேலையைப் பாதிக்காமல் தாமதிக்கக் கூடிய அவகாசம், இருக்கிறது. தச்சர் 5 நாள் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. 10 நாள் தாமதித்தால் செங்கல் வேலை 3 நாள் தள்ளிப்போகும். அதுமட்டுமில்லை, அதுவரை ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாத கிரிட்டிக்கல் வேலையாக இருந்த ஃபுட்டிங்குக்கு இப்போது 3 நாள் ஃப்ளோட் வந்துவிட்டது. இனி கூடுதல் கூலி கொடுத்து ஃபுட்டிங்கை வேகப்படுத்தினால் பணம்தான் வீண், துரத்த வேண்டியது தச்சரை. இது மனதில் பதிந்தவருக்கு எந்த மென்பொருளும் ஒரு மாதத்தில் வந்துவிடும். பதியாதவர்கள், கொடுத்த கெடு தேதிக்குள் வரவில்லையே என்று தேதிகளைப் பூட்டு போட்டு நிறுத்துவார்கள். திரையில் அழகாகத் தெரியும், சைட்டில் எதற்கும் உதவாது.

என் விஷயத்தில் நடந்ததையே சொல்கிறேன். இரண்டாவது செமஸ்டரில் இரண்டு மாடி வீட்டுக்கு ஷெட்யூல் போட்டேன். தளத்துக்கு கான்கிரீட் போட்ட மூன்றாம் நாளே அதன் கீழே சுவர் எழுப்புவதாகக் காட்டியிருந்தேன். நல்ல மார்க்கும் வந்தது. இன்டர்ன்ஷிப் போன இடத்தில் அந்தத் தாளை ஒரு வயதான மேஸ்திரியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கீழ பூரா முட்டு நிக்குமே, கொத்தனார் எங்க நிப்பாரு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ல் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட், நம் ஊர் வெப்பம் என்றால், 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கிகளுக்கு இடையிலான தூரம்) உள்ள தளத்தின் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். கான்கிரீட் டெக்னாலஜி பேப்பரில் இதை மனப்பாடம் செய்து எழுதியவன்தான் நானும். ஷெட்யூலிங் பேப்பருக்கு அது தேவை என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாடங்களைத் தனித்தனிப் பெட்டியாகப் படிப்பதுதான் இந்தப் படிப்பில் ஆகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு பேப்பரையும் அந்த மேஸ்திரிக்குப் பதில் சொல்வது மாதிரி படித்தேன்.

காலண்டரும் அப்படித்தான். மாணவர்கள் போடும் ஷெட்யூலில் மழையே பெய்யாது. சென்னைப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மாதங்களில் மண் தோண்டும் வேலையைப் போட்டுவிட்டுக் கெடு தவறுகிறது என்றால் என்ன செய்வது? பொங்கலுக்குச் சென்ட்ரிங் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் ஹோலிக்கோ சத் பூஜைக்கோ ரயில் ஏறினால் இரண்டு மூன்று நாளில் திரும்ப மாட்டார்கள். இதெல்லாம் எந்தச் சூத்திரத்திலும் வராது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால்தான் இன்டர்ன்ஷிப் சான்றிதழை மட்டும் வாங்கி வருவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. தெரிந்தவர் ஆபீஸில் லெட்டர்ஹெட் கிடைக்கும், ரிப்போர்ட்டை இணையத்தில் இருந்து சேர்த்துவிடலாம். ஆனால் இரண்டு வருடத்தில் யாரும் கோபப்படாமல் கேள்வி கேட்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். காலை ஆட்கள் வருவதற்கு முன் சைட்டில் நில்லுங்கள். வருகைப் பதிவு, சிமெண்ட் ஸ்டாக், முடிந்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகம் மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். கம்பி லாரி வந்தால், மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து மீட்டருக்கு எடை போட்டுப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89 கிலோ வரும். எடைச்சீட்டோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், பில் சரிபார்ப்பது என்ன வேலை என்று அன்றே புரிந்துவிடும்.

அடுத்தது ஒப்பந்தச் சட்டம். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி படித்துவிட்டு மறந்துபோகும் பேப்பர் இது. வேலைக்குப் போனதும் முதலில் தேவைப்படுவதும் இதுதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளை வெறும் எண்களாகப் படிக்காதீர்கள். தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு கடிதம் வந்தால் அதற்கு என்ன பதில் என்று எழுதிப் பாருங்கள். ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தங்களில், கூடுதல் நாளோ பணமோ கேட்க வேண்டிய காரணம் தெரியவந்த 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். நியாயம் நம் பக்கம் இருந்தாலும், அந்தக் கடிதத்தை அனுப்பாமல் விட்டால் உரிமை போய்விடலாம். வரைபடம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, மழையில் எத்தனை நாள் வேலை நின்றது என்பதை அன்றன்றே குறித்து வைப்பது இதற்காகத்தான்.

பாதுகாப்பு பேப்பரை 'ஈஸி மார்க்' என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள்தான் அதில் அதிகம். நீங்கள் படிப்பது அப்படிப்பட்டவர்கள் ஏறி நிற்கும் கட்டடத்தைப் பற்றி. அந்தப் பேப்பரில் வரும் சாரம், முட்டு, பள்ளத்தின் ஓரச் சரிவு எல்லாவற்றையும் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுங்கள்.

கடைசியாக, இறுதியாண்டு ப்ராஜெக்ட். 'கட்டுமானத் தாமதத்துக்கான காரணிகள்' என்று ஒரு தலைப்பு வருடா வருடம் வரும். நாற்பது கேள்வி, ஐந்து புள்ளி அளவுகோல், கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நண்பர்கள் நிரப்பித் தருவார்கள், எந்தக் காரணி எவ்வளவு முக்கியம் என்று காட்டும் ரிலேட்டிவ் இம்பார்ட்டன்ஸ் இண்டெக்ஸ் போட்டு வரிசைப்படுத்தினால் முடிந்தது. பணத்தட்டுப்பாடு, வரைபட மாற்றம், ஆள் பற்றாக்குறை என்று பதிலும் ஏறக்குறைய அதேதான் வரும். ஒரு வருட உழைப்பு, புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பதில் ஒரே ஒரு சைட்டில் ஒரே ஒரு வேலையை எடுத்து அளந்து பாருங்கள். மேல்கட்டுமானத்தில் ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு ஒரு கனமீட்டர் செங்கல் வேலை செய்வார் என்று எஸ்டிமேஷன் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நிஜமாகவே செய்கிறாரா? ஒரு நோட்டும் வாட்சும் போதும். கலவை வரக் காத்திருந்தது எவ்வளவு நேரம், சித்தாள் கல் தூக்கி வரும் தூரம் எவ்வளவு, சாரம் உயர்த்த எவ்வளவு நேரம் போனது என்று முப்பது நாள் குறித்தால், அந்த சைட் இன்ஜினீயரே உங்கள் முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்வார். நேர்காணலில் பேசவும் சொந்தச் சரக்கு இருக்கும். ஆனால் சைட் அனுமதி கிடைக்கத் தாமதமாகும், ஆகவே இரண்டாவது செமஸ்டர் விடுமுறையிலேயே துறையிலிருந்து கடிதம் வாங்கிப் போய்க் கேட்டு வையுங்கள். கேட்கும்போது கொத்தனார்களின் பெயரைக் குறிக்க மாட்டேன், கூலியில் கை வைக்க இந்தக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அது தெரிந்தால்தான் அவர்களும் உங்களை அருகில் நிற்க விடுவார்கள்.