தேவாலாவில் தங்கக் கம்பெனிக் கட்டடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர் பக்கம் பழைய பங்களாக்களுக்குக் காரை வேலை பார்க்கிற கொத்தனார் நான். தங்கம் எடுத்த காலத்துக் கட்டடம் எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்தே பார்க்கிறார்கள். கூரையில் ஒன்றும் கிடைக்காது. அஸ்திவாரத்தைப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. 1874இல் ஆல்ஃபா என்ற தங்கக் கம்பெனி தேவாலாவில் ஆரம்பித்தது. 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் வந்து பார்த்தார். அப்புறம் இரண்டே வருடத்தில் 41 கம்பெனிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு மூலதனம். பந்தலூரில் ஓட்டல் வந்தது, குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது. சில வருடங்களில் எல்லாம் கவிழ்ந்தது. தகரமும் மரமும் கழற்றிக்கொண்டு போகிற சாமான். கல்கட்டுதான் தங்கும்.

ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வாருங்கள். தமிழ்நாட்டில் அதிக மழை கொட்டும் ஊர்களில் தேவாலா ஒன்று. ஜூனில் வந்தால் அட்டைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எஸ்டேட் என்றால் ஆபீசில் கேளுங்கள், காடு என்றால் வனத்துறையில். யானை நடமாடும் இடம், சாயங்காலத்துக்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள்.

முதலில் ஓடையைப் பிடியுங்கள். வெங்கச்சங்கல்லை, அதாவது குவார்ட்ஸ் கல்லை, உடைத்துத் தூளாக்கித்தான் தங்கம் பிரித்தார்கள். அந்த ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். மேலே கொட்டும் கல் தானாகக் கீழே இறங்கட்டும் என்று ஆலையைச் சரிவில் படிப்படியாகக் கட்டுவது வழக்கம். அதனால் ஓடை ஓரத்துச் சரிவில் பருமனான கல்சுவர்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நின்றால், உண்ணிச்செடியை விலக்கிப் பாருங்கள். கல்லில் பதித்த இரும்பு போல்ட் தெரிகிறதா? பக்கத்தில் புல்லுகூட சரியாக முளைக்காத வெளிறிய மணல் மேடு இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் ஆலைதான்.

பங்களா விஷயத்தில்தான் ஏமாறுவீர்கள். யாராவது “இது தங்க துரை பங்களா” என்று காட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். காப்பியில் இலைநோய் விழுந்து நொந்திருந்த துரைமார், எஸ்டேட்டை பங்களாவோடு சேர்த்து நல்ல விலைக்குக் கம்பெனிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆக, காப்பிக்காரன் கட்டியது, தங்கக்காரன் நீட்டியது, தேயிலைக்காரன் பூசியது என்று ஒரே வீட்டில் மூன்று கை இருக்கலாம். இரண்டு சுவர் சேரும் மூலையைப் பாருங்கள். கல் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருந்தால் ஒரே காலத்து வேலை. நேர்கோடாகப் பிளவு இறங்கினால் ஒன்று பிறகு ஒட்டியது. சந்தில் நாணயத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவு உதிர்வது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் அசையாமல் இருப்பது சிமெண்ட், அது பிற்காலத்துக் கை. ஓட்டின் அடியில் தொழிற்சாலைப் பெயர் இருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆனால் ஓடு மாற்றாத வீடு உண்டா? அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

சுரங்க வாய் தெரிந்தால் வெளியே நின்று படம் எடுங்கள், போதும். இன்றைக்கும் திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் மண் சரிந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். இடத்தைக் குறித்து இன்டர்நெட்டில் போடுவது இன்னும் நாலு பேரைக் குழிக்குள் இறக்குகிற வேலை.

விசாரிப்பதென்றால் பணியர், குறும்பர் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கம்பெனிகளுக்கு வெகுகாலம் முன்பே ஓடை மணலை அரித்துத் தங்கம் எடுத்தவர்கள் அவர்கள். நாங்கள் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். எங்கள் லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சொல்லும் துரை கதைகளில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பொறுப்பிலேயே அப்படி ஒரு பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால், சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று கல்லை அரிக்கும். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள், வெயில் நேரே பட்டால் வெடித்துவிடும்.