ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்து நம்பு: சைடிங் ஆடிட்டுக்கு நான் பழக்கும் முறை

எங்கள் ஊர் ஓமலூர். மேட்டூருக்கு நிலக்கரி ரேக் (சரக்கு ரயில்) போகும் சத்தத்தில் வளர்ந்தவன் நான். தண்டவாளத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, யார்டு சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். இப்போது சேலத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வரும் சேஃப்டி ஆபீசர்களுக்கு சைடிங் ஆடிட், அதாவது தொழிற்சாலைக்குப் பிரிந்து வரும் கிளைத் தண்டவாளத்தின் பாதுகாப்புச் சோதனை, பழக்குகிறேன்.

முதல் நாள் காலை யார் கையிலும் படிவம் தரமாட்டேன். ஷூ, ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட், தண்ணி பாட்டில், இவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு சைடிங்கின் கடைசி முனையிலிருந்து கேட் வரை நடப்போம். மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். கம்பி இருந்தால் கையில் இருக்கும் கம்பு, அளவுகோல் எதுவும் அதற்கு 2 மீட்டருக்குள் போகக் கூடாது. வேகன் மேல் ஏறுவது பற்றிப் பேச்சே இல்லை.

நடக்கும்போது தண்டவாளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆள் எங்கே உட்காருகிறார், எங்கே குறுக்கே கடக்கிறார், டிபன் தூக்கை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் சைடிங்கில் கிடைக்கும் ஒரே நிழல் வேகனுக்கு அடியில்தான். ஒரு சைடிங்கில் அப்படிப் படுத்திருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குக் கால் போனது. வேகன் உருண்டது ஒரு முழ தூரம்கூட இல்லை. அன்றைய ரெஜிஸ்டரில் 'ஹேண்ட் பிரேக் போடப்பட்டது' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. பிரேக்கின் கைச்சக்கரத்தைச் சுற்றியது உண்மை. உள்ளே கம்பியை இணைக்கும் பின் கழன்று கிடந்ததை நான் குனிந்து பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பயிற்சியில் பாதி நேரம் ஹேண்ட் பிரேக்குக்கே போகிறது.

முதலில் சரிவு. 'இடம் சமமாத்தான் இருக்கு சார்' என்று எல்லோரும் சொல்வார்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணி டியூப்பை வாங்கி, தண்டவாளத்தின் மேல் 20 மீட்டர் இடைவெளியில் மட்டம் பாருங்கள். 50 மி.மீ. வித்தியாசம் வந்தால் அது 400க்கு 1 சரிவு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. புது யார்டுகளுக்கு 1200க்கு 1 போதும் என்பது ரயில்வேயின் பரிந்துரை. அதன்படி 20 மீட்டருக்கு 17 மி.மீ.தான் வரவேண்டும். லோடு ஏற்றிய பாக்ஸ்என் (மேல் திறந்த நிலக்கரி வேகன்) ஒன்று 80 டன்னுக்கு மேல். ரோலர் பேரிங் சக்கரத்தில் நிற்கும் அந்த எடை கிளம்பிவிட்டால் யாராலும் கையால் நிறுத்த முடியாது.

அடுத்து பிரேக் சோதனை. இன்ஜின் கோத்தே இருக்கட்டும். வேகன் இடுக்கில், அடியில் ஆள் இல்லை என்று இரண்டு பக்கமும் நடந்து உறுதி செய்யுங்கள். ஹேண்ட் பிரேக் சுற்றிய ஒவ்வொரு வேகனிலும் குனிந்து, பிரேக் கட்டை சக்கரத்தில் அழுந்துகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி ஏர் பிரேக்கை விடச் சொல்லுங்கள். இன்ஜின் பிரேக்கையும் விட வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். இப்போது ஒரு நாட்ச் (இன்ஜின் வேகப் பிடியில் ஒரு படி) மட்டும் கொடுத்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். அசையாவிட்டால்தான் அது பிரேக்.

கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று 47 பேர் இறந்தார்கள். நிறுத்தி வைத்த எண்ணெய் ரயில் ஆளில்லாமல் சரிவில் உருண்டு வந்தது. 7 ஹேண்ட் பிரேக் போட்டு, இழுத்தும் பார்த்திருந்தார்கள். ஆனால் இன்ஜின் பிரேக்கை விடாமல் இழுத்தார்கள். பிறகு இன்ஜின் அணைக்கப்பட்டதும் காற்று கசிந்து அந்தப் பிடி போய்விட்டது. குறைந்தது 17 பிரேக் தேவைப்பட்டிருக்கும் என்றது விசாரணை. நம் நாட்டிலும் 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவாவிலிருந்து ஒரு சரக்கு ரயில் டிரைவர் இல்லாமல் 70 கி.மீ. ஓடி பஞ்சாபில் நின்றது. யாருக்கும் காயமில்லை.

பாயிண்ட், சக்கரம் பற்றிச் சுருக்கமாக. பாயிண்ட் என்பது தடம் பிரியும் இடம். மோட்டார் பாயிண்டில் நாக்குத் தண்டவாளத்தின் (தடம் மாற்ற அசையும் தண்டவாளம்) நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி 5 மி.மீ. தகட்டை இடையில் வைத்தால் பாயிண்ட் லாக் ஆகக் கூடாது. விரல் வைக்காதீர்கள், குச்சியில் கட்டிய தகடு வேண்டும். சரக்கு வேகன் சக்கரத்தில் தட்டைத் தேய்வின் (உரசித் தட்டையான இடம்) நீளம் 60 மி.மீ. தாண்டினால் அந்த வேகன் ஓடக் கூடாது.

இரண்டாம் நாள் மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் டீக்கடை பெஞ்சில் தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். 'விதி தெரியுமா அண்ணா' என்று கேட்டால் 'தெரியும்' என்பார். 'நேத்து ராத்திரி டெமரேஜ் (வேகனைத் தாமதமா விட்டா கட்டும் பணம்) ஏறுதுன்னு அவசரப்படுத்துனப்ப எத்தனை பிரேக் போட்டீங்க' என்று கேளுங்கள். சொல்பவரின் பெயரைக் குறிக்காதீர்கள். பெயர் போனால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒடியா, இந்தி பேசும் தம்பிகளிடம் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அறிக்கையில் 'பிரேக் நடைமுறை மேம்பட வேண்டும்' என்று எழுதினால் கிழித்துவிடுவேன். 'மூன்றாம் லைன், கேட்டிலிருந்து எட்டாவது வேகன், கட்டை அழுந்தவில்லை, இணைப்புப் பின் இல்லை, இரவு 9.40' என்று எழுதுங்கள். சரிசெய்ய வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.

அந்தத் தேதிக்கு மறுநாள், அதே 9.40 மணிக்கு, சொல்லாமல் போங்கள். டார்ச்சையும் தண்ணி டியூப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.