டிரான்ஸ்பார்மர் ஓ.சி., எஸ்.சி. டெஸ்ட்: மீட்டர் தேர்விலிருந்து கணக்கு வரை

ஓ.சி. (ஓப்பன் சர்க்யூட்) டெஸ்ட்டில் டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டுக் கோர் லாஸையும், எஸ்.சி. (ஷார்ட் சர்க்யூட்) டெஸ்ட்டில் ஒரு பக்கத்தை ஷார்ட் செய்து வைண்டிங்கின் காப்பர் லாஸையும் அளக்கிறோம். மெஷின்ஸ் லேபில் இந்த இரண்டு டெஸ்ட்டையும் முடிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் ரீடிங் கெட்டுப்போவது பெரும்பாலும் சுவிட்ச் போட்ட பிறகு அல்ல; ஸ்டோரில் மீட்டர் வாங்கும்போதே கெட்டுவிடுகிறது. அதனால் வயரைத் தொடுவதற்கு முன் நேம் பிளேட்டைப் படியுங்கள்.

1 கே.வி.ஏ., 230/115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். ஹெச்.வி. (ஹை வோல்டேஜ், அதாவது 230 வோல்ட்) பக்க ரேட்டட் கரன்ட் 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர், எல்.வி. (லோ வோல்டேஜ், 115 வோல்ட்) பக்கம் 8.7 ஆம்பியர். மீட்டர், ஃபியூஸ் எல்லாம் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் முடிவாகும்.

ஓ.சி. டெஸ்ட்

சப்ளையை எல்.வி. பக்கம் கொடுத்து, ஹெச்.வி. பக்கத்தைத் திறந்து விடுகிறோம். 115 வோல்ட்டைக் கையாள்வது எளிது; கரன்ட்டும் மீட்டரில் தெளிவாகப் படிக்கும் அளவுக்கு வரும். ஆனால் திறந்து கிடக்கும் ஹெச்.வி. முனைகளில் முழு 230 வோல்ட் இருக்கிறது. ‘ஓப்பன்தானே’ என்று கை வைக்கும் இடம் இதுதான். அந்த முனைகளுக்கு மூடி போட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

இந்த அளவு டிரான்ஸ்பார்மரில் நோ-லோட் கரன்ட் பெரும்பாலும் ஃபுல் லோடில் 10 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆகவே 0–2 ஆம்பியர் அம்மீட்டர், 0–150 வோல்ட் வோல்ட்மீட்டர், இரண்டும் மூவிங் அயர்ன் வகை. ஃபியூஸ் 2 ஆம்பியர் (ரேட்டட் கரன்ட்டில் ஏறக்குறைய 20 சதவீதம்).

வாட்மீட்டரில்தான் கவனம் வேண்டும். நோ-லோடில் கரன்ட்டின் பெரும்பகுதி கோரை மேக்னடைஸ் செய்யவே போகிறது; பவர் ஃபேக்டர் (வோல்ட், ஆம்பியர் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு) 0.3 அளவில்தான் நிற்கும். கோர் லாஸ் 25 வாட் என்றால், 150 வோல்ட், 5 ஆம்பியர் யு.பி.எஃப். (யூனிட்டி பவர் ஃபேக்டர், அதாவது 1) மீட்டரின் முழு அளவு 750 வாட். முள் அதில் முப்பதில் ஒரு பங்குதான் நகரும், அதைப் படிக்கவே முடியாது. 150 வோல்ட், 2 ஆம்பியர், 0.2 பவர் ஃபேக்டர் எல்.பி.எஃப். (லோ பவர் ஃபேக்டர்) மீட்டரின் முழு அளவு 60 வாட். முள் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்கும். பெருக்கு எண்ணை (முள் காட்டும் பிரிவை வாட்டாக மாற்றும் எண்) கணக்கிடும்போது அந்த 0.2-ஐச் சேர்க்க மறந்தால் விடை ஐந்து மடங்காகிவிடும். வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் மூன்றையும் பெருக்கி, ஸ்கேலின் மொத்தப் பிரிவுகளால் வகுத்து, சுவிட்ச் போடும் முன்பே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுங்கள்.

கனெக்‌ஷன் முடிந்ததும் வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து டி.பி.எஸ்.டி. சுவிட்சை (இரண்டு சப்ளை வயரையும் ஒன்றாக இணைக்கும் சுவிட்ச்) போடுங்கள். வேரியாக் நடுவில் நிற்கும்போது சப்ளை கொடுத்தால், கோர் சாச்சுரேட் ஆகி (மேலும் காந்தம் ஏற இடமின்றி நிரம்பி) ஒரு நொடி பாயும் இன்ரஷ் கரன்ட் ஃபியூஸை எரித்துவிடலாம். மெதுவாக ஏற்றி 115 வோல்ட்டில் நிறுத்தி மூன்று ரீடிங்கையும் எடுங்கள். நேரம் இருந்தால் 70 வோல்ட்டிலிருந்து 125 வரை படிப்படியாகப் போய்க் கரன்ட்டைக் குறித்து வரைந்து பாருங்கள். ரேட்டட் வோல்ட்டை நெருங்கும்போது கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கும். சாச்சுரேஷனைப் பாடத்தில் படிப்பதைவிட இந்த ஒரு கோடு நன்றாகச் சொல்லித்தரும். சிலபஸில் கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

எஸ்.சி. டெஸ்ட்

இப்போது சப்ளை ஹெச்.வி. பக்கம், எல்.வி. பக்கத்தை ஷார்ட் செய்ய வேண்டும். 0–5 ஆம்பியர் அம்மீட்டர், 0–30 வோல்ட் வோல்ட்மீட்டர், 75 வோல்ட், 5 ஆம்பியர் யு.பி.எஃப். வாட்மீட்டர், 5 ஆம்பியர் ஃபியூஸ். முந்தைய டெஸ்ட்டின் எல்.பி.எஃப். மீட்டரையும் 2 ஆம்பியர் அம்மீட்டரையும் கழற்றாமல் தொடர்வது அடிக்கடி நடக்கும் தவறு.

ரேட்டட் கரன்ட் ஓட 14 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்வோம். வேரியாக்கின் முழு ஓட்டத்தில் அது இருபதில் ஒரு பங்கு. கை சற்று அதிகம் திரும்பினாலே கரன்ட் இரட்டிப்பாகும். தவறுதலாக 230 வோல்ட்டும் போய்ச் சேர்ந்தால் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ரேட்டட் கரன்ட்டைப் போலப் பதினாறு மடங்கு. லேபில் 5 ஆம்பியர் தாங்கும் 230/24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இருந்தால் வேரியாக்குக்குப் பின் அதை மாட்டுங்கள். அப்போது டயலைப் பாதி அளவுக்குத் திருப்பித்தான் அந்த 14 வோல்ட் வரும், கைக்கும் கட்டுப்படும்.

ஷார்ட் செய்யும் வயர் தடிமனாக, குட்டையாக இருக்க வேண்டும். திருகை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த முனையில் 0.05 ஓம் இருந்தாலும் ஹெச்.வி. பக்கம் அது நான்கு மடங்காகி (வோல்ட் விகிதம் 2-இன் வர்க்கம்) 0.2 ஓமாகத் தெரியும். நாம் அளக்கும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸே 2.6 ஓம் அளவில் என்பதால், இந்த ஒரு திருகு மட்டுமே 8 சதவீதம் பிழையைக் கொண்டுவரும். எல்.வி. முனைகளை அம்மீட்டரால் ஷார்ட் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான்.

வோல்ட்மீட்டரை டிரான்ஸ்பார்மர் முனைகளிலேயே மாட்டுங்கள். சப்ளை பக்கம் மாட்டினால் அம்மீட்டரிலும் கரன்ட் காயிலிலும் விழும் வோல்ட்டும் சேர்ந்துவிடும். மொத்தமே 14 வோல்ட் என்பதால் அது பெரிய பிழை. வாட்மீட்டரின் பிரஷர் காயிலுக்கும் இதே காரணம் பொருந்தும்: எஸ்.சி.யில் பிரஷர் காயிலின் (வோல்ட்டை உணரும் சுருள்) சி முனையை, கரன்ட் காயிலின் எல் முனையுடன், அதாவது லோட் பக்கம், இணைப்பது நல்லது. ஓ.சி.யில் கரன்ட் குறைவு என்பதால் எம்முடன், அதாவது சப்ளை பக்கம், இணைப்பது வழக்கம், ஆனால் எல்.பி.எஃப். மீட்டரில் ஈடுசெய்யும் சுருள் இருந்தால் மீட்டர் மேல் அச்சிட்ட படத்தின்படியே செய்யுங்கள். முள் பின்னோக்கிப் போனால் சப்ளையை நிறுத்திவிட்டு எம், எல் முனைகளுக்கு வரும் வயர்களை மாற்றுங்கள்.

4.35 ஆம்பியர் வந்ததும் உடனே படித்து வேரியாக்கை இறக்கிவிடுங்கள். வைண்டிங் சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும். காப்பருக்கு 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் அது 1.17 மடங்கு.

கணக்கு

மாதிரி ரீடிங்: ஓ.சி.யில் 115 வோல்ட், 0.7 ஆம்பியர், 25 வாட், எஸ்.சி.யில் 14 வோல்ட், 4.35 ஆம்பியர், 50 வாட். எஸ்.சி.யிலிருந்து ரெசிஸ்டன்ஸ் 2.64 ஓம், இம்பிடன்ஸ் 3.22, ரியாக்டன்ஸ் 1.84. ஓ.சி.யிலிருந்து கோர் லாஸ் ரெசிஸ்டன்ஸ் 529 ஓம், மேக்னடைசிங் ரியாக்டன்ஸ் 173 ஓம். பலர் சறுக்குவது அடுத்த படியில்: முதல் தொகுதி ஹெச்.வி. பக்கத்தது, இரண்டாவது எல்.வி. பக்கத்தது. ஒரே படத்தில் வரைய, 529-ஐயும் 173-ஐயும் நான்கால் பெருக்கி 2116, 692 என்று ஹெச்.வி.க்கு மாற்ற வேண்டும்.

எஃபிஷியன்சிக்கு 0.8 பவர் ஃபேக்டரில் ஃபுல் லோட் எடுத்தால் 800-ஐ 875-ஆல் (800 உடன் கோர் லாஸ் 25, காப்பர் லாஸ் 50) வகுத்து 91.4 சதவீதம். அரை லோடில் காப்பர் லாஸ் கால் பங்காகி 12.5 வாட், 400-ஐ 437.5-ஆல் வகுத்தாலும் அதே 91.4. உச்சம் இரண்டுக்கும் இடையில், 25-ஐ 50-ஆல் வகுத்ததன் வர்க்கமூலமான 0.707 லோடில், 91.9 சதவீதமாக வரும். உங்கள் வரைபடத்தில் உச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, உங்கள் இரண்டு வாட்மீட்டர் ரீடிங்கின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்துச் சரிபாருங்கள். பொருந்தவில்லை என்றால் முதலில் பெருக்கு எண்ணைத் தேடுங்கள்.