நீலத் திமிங்கலத்தின் குரலைக் கணினித் திரையில் பார்ப்பது எப்படி?

தர்மபுரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் ரொம்ப தூரம். ஆனாலும் வலசை போகும் நீலத் திமிங்கலத்தின் பாட்டை வீட்டிலிருந்தே ஆராயலாம். கணினி, காதை மூடும் ஹெட்போன், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். போன் ஸ்பீக்கர் உதவாது. இந்தப் பாட்டின் அடிநாதம் 15 முதல் 20 ஹெர்ட்ஸ். நம் காது கேட்கத் தொடங்குவதே 20 ஹெர்ட்ஸ் பக்கம்தான். அதனால் காதைவிடக் கண்ணைத்தான் பழக்க வேண்டும்.

முதலில், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இணையத்தில் வைத்திருக்கும் நீலத் திமிங்கலப் பதிவு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே இருக்கும் குறிப்பை அவசியம் படியுங்கள். சில பதிவுகளை ஏற்கெனவே 10 மடங்கு வேகப்படுத்தியிருப்பார்கள். அதில் 170 ஹெர்ட்ஸ் என்று தெரிவது கடலுக்குள் 17தான்.

அடுத்து, பதிவை ஆடாசிட்டியில் திறந்து, டிராக் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராமைத் தேர்ந்தெடுங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக சுருதி. திமிங்கலத்தின் குரல் படத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாது. அமைப்புகளில் அதிகபட்ச அலைவெண்ணை 200 ஆக்கி, விண்டோ சைஸைக் கூட்டுங்கள். இப்போது 10, 20 நொடி (10 மடங்கு வேகப்படுத்திய பதிவில் 1, 2 நொடி) நீளும் கோடுகள் தெளிவாகும்.

கோடு எது, இரைச்சல் எது என்று பழக ஒகேனக்கல் போதும். தொங்கு பாலத்தில் நின்று அருவியைப் போனில் ஒரு நிமிடம் பதிந்து, இதேபோல் திறந்து பாருங்கள். அடி முதல் உச்சி வரை மூடுபனிபோல் பரவியிருக்கும். கடலில் கப்பல் இரைச்சலோ திமிங்கலம் பாடும் தாழ்ந்த சுருதியிலேயே வந்து உட்காருகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, வலசைக்கு வருவோம். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் 900 மீட்டர் ஆழத்தில் ஒரு நீரடி ஒலிவாங்கி 2015 முதல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே இரை தேடும் காலத்தில் நீலத் திமிங்கலங்கள் பகலில் கூனிப்பொடி தின்றுவிட்டுப் பெரும்பாலும் இரவில் பாடுகின்றன. தெற்கே கிளம்பிவிட்டால் பகல் பாட்டு கூடிவிடுகிறது. 2020இல் வெளியான ஆய்வு இது. பாட்டின் நேரத்தை வைத்தே பயணம் தொடங்கியதை அறியலாம்!

அந்தப் பதிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. ஆகஸ்டில் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள் எடுத்து, அடிநாதத்தின் மடங்காக 40 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வரும் கோடுகளைப் பகல், இரவு என்று தனித்தனியே எண்ணுங்கள். கோப்பிலுள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். கலிபோர்னியா நேரத்துக்கு ஆகஸ்டில் 7 மணியும் டிசம்பரில் 8 மணியும் கழித்துக்கொள்ளுங்கள்.